பப்பாளிக்காக வெட்டிய இரண்டு வரி

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு பயணத்தைச் சொன்னால், இவன் எதற்கு அங்கே போனான் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. இரண்டு வருடங்களுக்கு முன், கண்டியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரக்பி சட்டங்களைத் தமிழில் ஒரே அட்டைக்குள் அடக்கினேன். சட்டைப் பையில் போடுகிற அளவு. கீழ் மூலையில் ஒரு ரக்பி பந்து வரைந்தேன். பார்த்த அத்தனை பேரும் பப்பாளி நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். அந்தப் பப்பாளிக்கு இடம் போதவில்லை. இரண்டு வரியை வெட்டினேன்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட ரக்பி ஆட்டங்களுக்கு நடுவராக ஓடுவது என் கிறுக்கு. முழங்கால் தேய்ந்ததில் ஓட்டம் நின்றுபோய், பேச்சு மட்டும் மிச்சம் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் கபடி ஆடிக்கொண்டிருந்த சிலர் ரக்பிக்கு வந்தபோது, அவர்களுடைய அப்போதைய செயலாளர் யார் மூலமாகவோ என்னைப் பிடித்தார். முதலில் நான்கு பக்கத்துக்கு விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து, "யாரும் படிக்க மாட்றாங்க சார், அட்டையா குடுங்க" என்றார். கொடுத்தேன். அவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். அட்டை ஊரிலேயே தங்கிவிட்டது. அதில் என் பெயர் கிடையாது. பப்பாளி மட்டும் உண்டு.

இந்த மார்கழியில் புதிய செயலாளர் நசீர் பாய், பழையவர் 'கண்டி நடுவர்' என்று மட்டும் குறித்துவைத்திருந்த எண்ணைப் பிடித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓர் ஆட்டத்தில் ஒருவருக்குப் பலத்த அடி. நடுவர் மேல் விசாரணை. சட்டம் தெரிந்த வெளியாள் ஒருவர் குழுவில் வேண்டும். எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது. கோட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்டேன். "அந்த ஹால்ல ஃபேனே ஓடாது சார்" என்றார்.

முதல் நாளே, இறங்க வேண்டிய ஊரப்பாக்கத்தைக் கோட்டைவிட்டேன். சென்னையில் விமானம் இறங்கி ஏறிய மின்சார ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது, தூங்கிவிட்டேன். கண்டிக்கு ஏறுகிற ரயிலில் எவனும் தூங்க முடியாது, பெட்டி அப்படி ஆடும். இந்த ரயில் தாலாட்டிற்று. விழித்துப் பார்த்தால் மறைமலைநகர். எதிர்ப் பக்கம் ஏறித் திரும்பி வந்தேன். ஊரப்பாக்கம் நிலைய வாசலில் ஸ்கூட்டி ஒன்றின் மேல் சாய்ந்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கபடிக்காரர்களுக்கே உரிய தோள்.

"கண்டி சாரா? நான் அமுதா. நசீர் பாய் கடைய வுட்டுட்டு வர முடியாதுன்னாரு. எனக்கு இன்னிக்கு லீவு."

"நீங்களும் சங்கத்தில் இருக்கிறீர்களா?"

"நான்தான் சார் அந்த ரெஃப்ரி. உங்க பைய முன்னாடி வைங்க."

விசாரிக்கப்படுபவளின் வண்டியில் விசாரிப்பவன் ஏறிப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இங்கே அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஜிஎஸ்டி சாலையில் லாரிகளுக்கு நடுவே அவள் ஓட்டிய வேகத்தில், விசாரணைக்கு நான் உயிரோடு போவேனா என்பதே சந்தேகமாக இருந்தது.

வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். பழக்க தோஷத்தில், பால் சேர்க்காத தேநீருக்கு எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, பிளேன் டீ என்று கேட்டேன். "பிளேனுன்னா இன்னா சார், பன்னு இல்லாமயா?" என்று டீ மாஸ்டர் பால் டீயே ஆற்றினார். வாயில் வைத்தால் பாயசம். அமுதா சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி கட்டும் பிரிவில் வேலை, மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். பத்து வருடம் கபடி ஆட்டம், பிறகு கபடிக்கு நடுவர், பிறகு ரக்பிக்கும்.

"ரெஃப்ரி தப்புன்னு எழுதிட்டா கபடிலயும் என்னைக் கூப்ட மாட்டாங்க" என்றாள். "அதுகூடப் பரவாயில்ல. எழுத்துல வந்துட்டா, அடிபட்டவன் கழுத்த நான்தான் ஒடச்சேன்னு ஆயிடும். அதான் பேஜாரு." பிறகு, "பயப்படாதீங்க, உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன்" என்று தேநீரைக் குடித்தாள்.

மேசைமேல் கவிழ்த்து வைத்த அவளுடைய தொலைபேசியின் உறைக்குள் ஓர் அட்டை தெரிந்தது. மூலையில் என் பப்பாளி. வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. வாய் சும்மா இருக்குமா?

"இந்தப் படம் நான் போட்டதுதான்" என்றேன். "அட்டை முழுக்க நம்முடைய கைவேலைதான்."

அவள் தொலைபேசியை எடுத்து அட்டையைச் சற்று நேரம் பார்த்தாள். "பப்பாளியா சார்?" என்றாள்.

"பந்து."

"ஓ" என்று தொலைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றிரவு நசீர் பாய் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் வறுவலைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். நான் எந்த வெட்கமும் இல்லாமல் தின்றேன். அன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் பசித்தது.

மறுநாள் காலை நாஸ்தா முடிந்ததும் செங்கல்பட்டில் நசீர் பாயின் மோட்டார் பம்ப் கடைக்குப் போனோம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்துப் பழைய ஆட்டங்களின் வீடியோக்களைக் காட்டினார். நடு நடுவே வாஷர் கேட்டு ஆள் வரும். வாஷர் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்.

முதல் வீடியோ, நான்கு பக்கத் தாள் புழக்கத்தில் இருந்த காலத்தது. பந்தோடு ஓடிவருகிறவனை இன்னொருவன் இடுப்பில் பிடித்துத் தூக்கிப் பக்கவாட்டில் போடுகிறான். கபடியில் பாடி வந்தவனைத் தூக்குகிற அதே பிடி. தோள் தரையில் மோதுகிறது. அமுதாவின் விசில் உடனே கேட்கிறது. ஆட்டம் நிற்கிறது, தூக்கியவன் வெளியே போகிறான்.

இரண்டாவது வீடியோ அட்டை வந்த பிறகு. அதே மைதானம், அதே மாதிரித் தூக்கல், அதே மாதிரிப் பக்கவாட்டில் போடல். அமுதா ஓடிவந்து, குனிந்து பார்த்து, கையை வீசி ஆட்டம் தொடரட்டும் என்கிறாள். கூட்டம் விசிலடிக்கிறது.

"முன்னெல்லாம் சும்மா சும்மா ஊதுவா சார்" என்றார் நசீர் பாய். "அட்ட வந்தப்பறம் கேம் ஸ்பீடு ஆயிடுச்சு. ஜனங்களுக்கும் புடிச்சுது."

அட்டையைக் கேட்டு வாங்கினேன். ஆறாவது வரி: 'எதிராளியைத் தூக்கித் தலைகீழாகப் போடாதே.' எழுதிய அன்று அந்த வரியை நான்கு தரம் உரக்கப் படித்து ரசித்திருக்கிறேன். நல்ல தாளம். அதன் கீழே இருந்து நான் வெட்டிய இரண்டு வரி இவை: 'எந்தப் பக்கமாகப் போட்டாலும், தலையோ கழுத்தோ தோளோ தரையில் மோதினால் குற்றம். தூக்கியவரே பத்திரமாக இறக்க வேண்டும்.' தலைகீழாக என்று சொல்லியாயிற்றே, மிச்சம் புரியாதா என்று நினைத்தேன்.

"அமுதாவுக்கு முழுச் சட்டமும் தெரியும்தானே, முதலில் சரியாக ஊதினாரே?" என்று நசீர் பாயைக் கேட்டேன்.

"தெரியும். ஆனா இங்க ஒரு பழக்கம் கீது சார். கபடிப் போட்டிக்கு நோட்டீஸ் அடிப்பாங்க இல்ல, கீழ நிபந்தனைன்னு போட்டு? ஆட்டத்துக்கு முன்னாடி அத்த மைக்ல படிப்பாங்க. படிச்சதுதான் அன்னிக்கு சட்டம். படிக்காதத வச்சு ரெஃப்ரி ஊதுனா, ஊரே சண்டைக்கு வந்துடும். நாங்களும் அப்டித்தான். அட்டைய மைக்ல படிச்சுட்டுத்தான் பந்தக் குடுப்போம்."

"முழுவதும் படிப்பீர்களா?"

"முழுசா. பப்பாளியத் தவிர."

கண்டியில் சட்டம் நடுவரின் தலைக்குள் இருக்கும். பெற்றோர்கள் வெளியே நின்று அவருடைய பரம்பரையைத் திட்டுவார்கள். அவர் அசைய மாட்டார், புத்தகம் அவர் பக்கம் என்று அவருக்குத் தெரியும். இங்கே புத்தகமே மைக்கில் வந்துவிடுகிறது. தூக்குகிறவனும் அதைக் கேட்கிறான். தலைகீழாகப் போடக் கூடாது, சரி, பக்கவாட்டில் போடலாம் என்று மறுநாள் காலையில் அதற்குப் பயிற்சியும் எடுக்கிறான். நடுவரின் விசிலை மாற்றினேன் என்று மட்டும்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டக்காரர்களின் கைகளையும் மாற்றியிருக்கிறேன்.

மூன்றாவது வீடியோ அந்த ஆட்டம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. நசீர் பாய் அதை ஓடவிட்டு, வாஷர் கேட்டு யாரும் வராதபோதும், கடை வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

மத்தியானம் செய்யூர் போகிற பேருந்தில் ஏறினோம். அடிபட்ட பார்த்திபனின் ஊர் அந்தப் பக்கம். கழுத்தில் தொங்கிய என் பையையும் தொப்பியையும் பார்த்த நடத்துநர், "வேடந்தாங்கலா சார்? அது இந்த வண்டி இல்ல" என்றார். பறவை பார்க்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். பாதி வழியில் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி எதையோ தட்டினார். பயணிகளில் நான்கு பேர் இறங்கி அவருக்கு யோசனை சொன்னார்கள். சாலையோரம் வேர்க்கடலைக் கொல்லை. அதற்கப்பால் சவுக்குத் தோப்பு. வண்டி கிளம்பாமலே இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றிற்று. கால் மணியில் கிளம்பிவிட்டது.

பார்த்திபனுக்கு இருபத்தேழு வயது. சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரும்புக் கட்டிலில் கிடந்தான். கால்கள் இரண்டும் யாரோ கொண்டுவந்து வைத்தவைபோல் இருந்தன. வலது கையில் மூன்று விரல் அசைகிறது.

"வாங்க சார். எழுந்து கும்புடணும். முடியல, கோச்சுக்காதீங்க" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். கேலிப் பேச்சில் எனக்குப் போட்டியாக ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்; அந்த நினைப்பை உடனே விழுங்கினேன்.

அவன் மனைவி அவித்த வேர்க்கடலை கொண்டுவந்து வைத்தாள். நடுவர் மேல் புகார் உண்டா என்று நசீர் பாய் முறைப்படி கேட்டார்.

"அக்கா மேல இன்னா புகாரு பாய்? நான் எத்தினி பேர சைடுல தூக்கிப் போட்டுருக்கேன். தலகீழா போடாதேன்னு மைக்ல படிச்சாங்க. போடல. சைடுல போட்டேன். கிரவுண்டே கத்துச்சு. அன்னிக்கு ஒருத்தன் என்னைப் போட்டான், அவ்ளோதான்."

"அந்த அக்கா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து இவரப் பொரட்டிப் படுக்க வச்சு, முதுகு தொடச்சிட்டுப் போவாங்க" என்றாள் மனைவி. "மத்தவங்க போன்ல கேக்கறதோட சரி."

பார்த்திபன் என் பக்கம் கண்ணைத் திருப்பினான். "அந்த அட்ட எழுதனவரு ஆடனவரா சார்?"

நசீர் பாயும் என்னைப் பார்த்தார், பதில் தெரிந்துகொள்ளும் ஆவலில். நான் ஒரு கடலையை எடுத்து உரித்தேன்.

"கொஞ்சம் ஆடியிருப்பார்" என்றேன்.

"கீழ வுழுந்துருக்க மாட்டாரு" என்றான்.

புறப்படும்போது அவன் மனைவி வாசல்வரை வந்தாள். "நாளைக்கு விசாரணைல இன்னா எழுதனா இவரு எழுந்து உக்காருவாரு சார்?" என்று கேட்டாள். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். நசீர் பாய் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அவருடைய செருப்பு காலிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மாமல்லபுரம். விசாரணைக்கு முன், அந்த ஆட்டம் நடந்த மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அமுதாவே அழைத்துப் போனாள். ஊருக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பாதி புல்லும் பாதி மணலுமாக ஒரு வெளி. கடல் இரைச்சல் நிற்கவே இல்லை. இந்த இரைச்சலில் விசில் ஊதினால் யாருக்குக் கேட்கும் என்று ஒரு நப்பாசையோடு கேட்டேன்.

"கேக்கும் சார். ஊதுனா கேக்கும்."

ஓரிடத்தில் போய் நின்றாள். "இங்கதான் நின்னேன். அவன் அங்க. நல்லாப் பாத்தேன். தல மொதல்ல வுழல, தோள்தான் வுழுந்துச்சு. அட்டைல தோளு இல்ல. அட்டைய நான்தான் அன்னிக்கு மைக்ல படிச்சேன். ஆடுங்கன்னு கை காட்டிட்டேன். பந்து அவன் கைலயே இருந்துச்சா, மூணு பேரு மேல வந்து வுழுந்தாங்க."

கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மொதல் அடில ஒடஞ்சுதா, அந்த மூணு பேரு வுழுந்ததுல ஒடஞ்சுதான்னு டாக்டருக்கே தெரியல. நான் ஊதிருந்தா அந்த மூணு பேரு வுழுந்துருக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். மணலில் யாருமில்லை. வாயைத் திறந்தேன். "காற்று அதிகமாக இருக்கிறது" என்றேன்.

விசாரணை ஒரு விடுதியின் சாப்பாட்டு அறையில் நடந்தது. நசீர் பாய், நான், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் கிருபாகரன். உண்மையாகவே மின்விசிறி ஓடவில்லை. எதிரில் அமுதா. அவள் அட்டையை உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அன்று மைக்கில் படித்ததைப் படிக்கச் சொன்னார்கள். பார்க்காமலே ஒப்பித்தாள். ஆறாவது வரியின் தாளம் மாறவில்லை.

"மூலச் சட்டம் என்ன சார் சொல்லுது?" என்று கிருபாகரன் என்னைக் கேட்டார்.

எந்தப் பக்கமாகப் போட்டாலும் குற்றம் என்பதை விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன், கை கூட ஆட்டினேன்.

"அப்ப அட்டைல ஏன் இல்ல?"

அமுதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"விடுபட்டிருக்கிறது" என்றேன்.

மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு இந்தச் சொல் எவ்வளவு வசதி என்று அன்றுதான் உறைத்தது. மழை பெய்கிறதுபோல, இலை உதிர்கிறதுபோல, வரிகள் தாமாகவே விடுபடுகின்றன.

கிருபாகரன் அட்டையை வாங்கி, கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "இந்தப் பப்பாளிய எடுத்துட்டா ரெண்டு வரி தாராளமா அடங்குமேய்யா" என்றார். நசீர் பாய் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

அமுதாவை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். மைக்கில் படிக்காததை அவள் எப்படி ஊதுவாள் என்றார் நசீர் பாய். பழைய தாள் தெரிந்தவள் ஊதியிருக்க வேண்டும் என்றார் கிருபாகரன். பார்த்திபன் வீட்டுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டும், யாராவது ஒருவர் பொறுப்பாக வேண்டும் என்பதில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். என்னைக் கேட்டார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நீங்களே எழுதுங்க சார். உங்களுக்குத் தமிழ் நல்லா வரும்" என்று தாளை நகர்த்தினார்கள்.

எழுதினேன். நடுவர் மூலச் சட்டத்தின்படி ஆட்டத்தை நிறுத்தத் தவறினார் என்று ஒரு வரி. இரண்டு வருடம் எந்த ஆட்டத்துக்கும் விசில் எடுக்கக் கூடாது என்று ஒரு வரி. அதன் கீழே, அட்டையில் நிபந்தனை விடுபட்டிருந்ததையும் குழு கருத்தில் கொள்கிறது என்று இன்னொரு வரி. படித்துப் பார்த்த கிருபாகரன், "இது எதுக்கு? கையெழுத்துக்கு எடம் பத்தல பாருங்க" என்றார்.

பார்த்தேன். உண்மையாகவே இடம் போதவில்லை. வெட்டினேன்.

அமுதா அதைப் படித்துவிட்டு, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, "சாருக்கு ரயிலுக்கு நேரமாச்சு, செங்கல்பட்டுல நான் வுட்டுடறேன் பாய்" என்றாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பின் சக்கரம் படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தோம். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். குமிழி வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். ஓட்டையைக் கண்டுபிடிக்க இவ்வளவு எளிய வழி இருக்கும்போது நாங்கள் மூன்று பேர் காலை முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

இனியும் சொல்லாவிட்டால் ரயில் வந்துவிடும். "அமுதா, அட்டையில் அந்த இரண்டு வரியை வெட்டியது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார். நீங்கதான மொத நாளு சொன்னீங்க, முழுக்க உங்க கைவேலைன்னு."

கடைக்காரர் ட்யூபை அரம் வைத்துத் தேய்த்தார். எனக்குக் கோபம்கூட வந்தது, வெட்கம் கெட்டவர்களுக்கு வருகிற கோபம். "தெரிந்துகொண்டு உள்ளே ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று கேட்டேன்.

அவள் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."